வேற்றுக்கை படாத மாவு

அன்று காலை ஆவுடையம்மாள் மெஸ்ஸின் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். மெஸ்ஸின் உரிமையாளர் பிரம்மநாயகம், அவர் மனைவி சண்முகவடிவு, மகன் கைலாசம், மருமகள் சிவகாமி, அம்பாசமுத்திரம் வர்த்தகர் சங்கத் தலைவர் சுடலைமுத்து, திருநெல்வேலி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்திருந்த டாக்டர் மெஹர்பானு. தாங்களும் அங்கே நின்று கண்ணால் பார்த்ததாக இன்று ஊரில் பாதிப் பேர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் நிற்கவில்லை. வாசல் கதவைப் பிரம்மநாயகமே சாத்தித் தாழ் போட்டார். பிறகு வந்து சேர்ந்தவர்கள் இருவர். ஒருவர் பின்வாசல் வழியாக வந்தார், மற்றவர் முன்வாசல் வழியாக வந்தார். அவர்களைப் பற்றி உரிய இடத்தில் சொல்லப்படும்.

மெஸ்ஸின் வாசலில் நீல எனாமல் போர்டு ஒன்று தொங்குகிறது. பிரம்மநாயகத்தின் அப்பா மாட்டியது. 'வேற்றுக்கை படாத மாவு' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த வீட்டில் இட்லி மாவுக்கென்று ஒரு கல்சட்டி உண்டு. அது காலியானதே கிடையாது. தினமும் சாயங்காலம் புதிதாக ஆட்டிய மாவில் சட்டியிலிருக்கும் பழைய மாவை ஒரு கை அள்ளிப் போட்டு, உப்புச் சேர்த்து, முழங்கை வரை விட்டுப் பிசைவார்கள். பிசைந்ததில் ஒரு கை மறுபடியும் சட்டிக்குப் போகும். கிரைண்டரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், இலை யார் வேண்டுமானாலும் போடலாம், எந்த ஊர்க்காரரும் உட்கார்ந்து சாப்பிடலாம். பிசைகிற கை மட்டும் வீட்டுக் கையாக இருக்க வேண்டும். அந்த விதி முதன்முதலில் யாரை விலக்கி வைப்பதற்காக உண்டானது என்று பிரம்மநாயகம் கேட்டுக்கொண்டதில்லை. அப்பா மாட்டிய போர்டு. வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்து வைப்பார், அவ்வளவுதான்.

சண்முகவடிவுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மெஸ்ஸில் மாவு பிசைய யாரோ ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறார்களாம். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் இருக்கும்போது சுடலைமுத்து அதைச் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, போர்டில கை யாருதுன்னும் சேத்து எழுதிப் போடுங்க. சந்தேகம் தீந்திரும்லா?"

பழைய மாவுகளின் மாதிரி கேட்டு மெஹர்பானு அன்று அதே கூட்டத்துக்கு வந்திருந்தார். எந்தெந்தக் கை பட்டது என்றுகூடத் தன் இயந்திரம் சொல்லும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பிரம்மநாயகம் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"எங்க சட்டியைப் பாருங்க டாக்டரம்மா. சுடலைமுத்து சாட்சியா வரட்டும். ஒரு வேற்றுக்கை இருக்குன்னு உங்க மெஷின் சொன்னா, அந்த நிமிசமே எங்கப்பா மாட்டின போர்டை என் கையால இறக்கிருதேன்."

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ஆகவே அந்தக் காலையில் போர்டு தொங்கியது ஆணியில் அல்ல, அந்தச் சொல்லில்தான்.

மெஹர்பானு கல்சட்டியிலிருந்து ஒரு தம்ளர் மாவை எடுத்து, அதில் சாம்பல் நிறத் தூளைச் சிட்டிகை அளவு தூவினார். தம்ளரைக் கையடக்கமான எஃகுப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இந்த ஒரு சிட்டிகையில கோடிக்கணக்கான மணி இருக்கு ஐயா. நானோ மணி. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஆனா தனியா விட்டா சரியான மக்கு. பக்கத்தில இருக்கற ஒரு நுண்ணுயிரைத் தொட்டு, அது எந்த வகைன்னு மட்டும் தெரிஞ்சுக்கும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"மக்கை வச்சுக்கிட்டா எங்க மாவைப் பாக்க வந்திய?" என்றார் பிரம்மநாயகம்.

"தெருவில ஒரு வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாராங்கன்னு வைங்க. பால்காரருக்கு ரெண்டு பாக்கெட் கூட வாங்கினது தெரியும். பூக்காரம்மாவுக்குக் கூடுதலாப் பூ கேட்டது தெரியும். எதிர்வீட்டுக்குக் கார் வந்தது தெரியும். யாருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள தெரு பூராவும் விசயம் தெரிஞ்சிரும்லா? இந்த மணிகளும் அப்படித்தான் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். பேசிப் பேசி முழுக்கதையையும் சேத்துரும்."

"வதந்தி மாதிரின்னு சொல்லுங்க," என்றார் சுடலைமுத்து.

"வதந்தி மாதிரிதான். ஆனா பொய் சொல்லாது."

"அப்போ எங்க ஊரு மணி இல்ல."

சிவகாமி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சண்முகவடிவு மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் சரி. இப்போ இது எதுக்கு?" என்றாள் அவள். "இட்லி நல்லாருக்கா, தின்னுட்டுப் போவோம்னு இல்லாம, யாரு தொட்டான்னு எதுக்கு நோண்டணும்?"

"ஊரு வாயை மூடத்தான்," என்றார் பிரம்மநாயகம்.

"ஊரு வாயை இட்லி வச்சு மூடலாம். நம்ம அத்தை அப்படித்தான் மூடினாக."

மெஹர்பானு ஒரு முறை அவளைப் பார்த்தார். பிறகு பிரம்மநாயகத்திடம், "அம்மா சொல்றதுல தப்பில்ல ஐயா," என்றார். "ஒரு ஹாஸ்டல்ல பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஒத்துக்காமப் போச்சு. எந்த இடத்தில கெட்டுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இதைச் செஞ்சோம். யார் கைன்னு பாக்கறதுக்குச் செய்யல. இப்பவும் வேண்டாம்னா நிறுத்திரலாம்."

"சோதனைன்னு வந்தாச்சு. பாதியில எந்திரிச்சுப் போற வழக்கம் எங்களுக்கு இல்ல."

வீட்டார் நால்வரும் ஈரக் கண்ணாடித் தகடு ஒன்றில் வரிசையாக உள்ளங்கையை அழுத்தி எடுத்தார்கள். ஒவ்வொருவர் கைத்தோலிலும் குடியிருக்கிற நுண்ணுயிர்க் கூட்டம் வேறு என்றும், ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் கைகளில் ஒரு சாயல் இருக்கும் என்றும், பிசைகிற கையிலிருந்து அவை மாவில் இறங்கித் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் என்றும் மெஹர்பானு சொன்னார். அதனால்தான் ஒருவர் பிசைந்தால் மாவு பொங்குகிறது, இன்னொருவர் பிசைந்தால் படுத்துக்கொள்கிறது. இது அம்பாசமுத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் வியக்கவில்லை.

பெட்டியின் மேலிருந்த திரையில் வண்ண இழைகள் தோன்றின. ஓர் இழை ஒரு கை. பிரம்மநாயகத்தின் இழை மெலிதாக, விட்டுவிட்டு ஓடியது. வீட்டில் பெண்கள் இல்லாத நாள்களில் அவர் பிசைவதுண்டு. கைலாசத்துடையது அதைவிட மெலிது. சிவகாமியுடையது பச்சை. சண்முகவடிவுடையது நல்ல தடிமனாக வந்து, ஓரிடத்தில் இளைத்து, நின்றேபோயிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் இழை ஒன்று கிடந்தது.

"இது ரொம்பப் பழசு," என்றார் மெஹர்பானு. "இந்தக் கை பட்டு வருசக்கணக்காகுது. ஆனா அதிலிருந்து வந்தது இன்னும் உயிரோட இருக்கு. இன்னைக்கு வெந்த இட்லியிலயும் இருந்திருக்கும். உங்க கைச் சாயல் இதில இருக்கு ஐயா."

"எங்கம்மா," என்றார் பிரம்மநாயகம்.

ஆவுடையம்மாள் போய்ச் சேர்ந்தபோது கைலாசம் தொட்டிலில் கிடந்தான். பிரம்மநாயகம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மஞ்சள் இழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். கண்ணைத் துடைத்தார் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியளா சுடலைமுத்து? அஞ்சு கை. அஞ்சும் வீட்டுக் கை."

"ஆறு," என்றார் மெஹர்பானு மெதுவாக.

சிவப்பு இழை. சண்முகவடிவின் இழை நின்ற இடத்தில் தொடங்கி, அதைவிடத் தடிமனாக, திரையின் கடைசி விளிம்பு வரை வந்திருந்தது.

"இங்க இருக்கற யாரும் இல்ல. பழைய கையும் இல்ல. நேத்துச் சாயங்காலம் பட்டிருக்கு."

சுடலைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "கைலாசம், ஏணி எங்கப்பா கிடக்கு?" என்று கேட்டார்.

"ஏணிக்கு அவசரம் இல்ல," என்றார் பிரம்மநாயகம். மனைவியின் பக்கம் திரும்பினார். "வடிவு."

அவள் தரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"உலகு," என்றாள்.

உலகம்மாள் பிரம்மநாயகத்தின் ஒரே தங்கை. பின்தெருவில் மின்ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் ஞானராஜைத் தானே தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டவள். ஞானராஜ் வேறு சாதி, போதாததற்குச் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அந்தக் கல்யாணத்தன்று இந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு அவள் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை. இரண்டு வீட்டுக் கொல்லைகளுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு. அதில் தொங்கிய பூட்டு துருப்பிடித்துவிட்டது என்றுதான் பிரம்மநாயகம் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேசன் முடிஞ்சு வந்து நான் பிசைஞ்சேன்," என்றாள் சண்முகவடிவு. "மாவு பொங்கல. மருந்தோ என்ன எழவோ, கையில இருந்தது போயிட்டு. இட்லி கல்லு மாதிரி விழுந்துச்சு. சிவகாமி பிசைஞ்சும் தேறல. நீங்க என்ன சொன்னிய? 'இந்தத் தடவை உளுந்து சரியில்ல'ன்னிய. உலகுதான் கதவைத் தட்டினா. நீங்க கோயிலுக்குப் போற நேரம் வந்து பிசைஞ்சிட்டுப் போயிருவா. பிறகு ஒரு நாள் சாப்பிட்டு எந்திரிச்சு என்ன சொன்னிய, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இது எங்கம்மா கை என்று சொல்லியிருந்தார்.

"சரியாத்தான் சொன்னிய. ஆளைத்தான் மாத்திச் சொன்னிய."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா வேண்டாம்னிருப்பிய. விடிஞ்சா அத்தனை பேரு வந்து இலைக்கு முன்னால உக்காருவாக. உங்க வீம்பையா ஊத்தி வேகவைக்க முடியும்?"

கைலாசம் மேற்கூரையைப் பார்த்தான். சிவகாமிக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சுடலைமுத்து நல்ல மனிதர்தான். ஆனாலும் ஏணி வைத்திருக்கும் மூலையைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

பிரம்மநாயகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கைலாசம், போய் உன் அத்தையைக் கூட்டிட்டு வா."

"எந்த அத்தைப்பா?"

"உனக்கு எத்தனை அத்தை?"

உலகம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். சோப்புத் தண்ணீர் காயாத கையை முந்தானையில் துடைத்தபடி அடுக்களை நிலையருகே நின்றுகொண்டாள். தலை நரைத்திருந்தது. மூக்கு மட்டும் ஆவுடையம்மாளின் அதே மூக்கு.

"என்ன மைனி, பிடிபட்டுட்டமா?" என்றாள்.

"கையை வை," என்றார் பிரம்மநாயகம், கண்ணாடித் தகட்டைக் காட்டி.

"எதுக்கு?"

"வைட்டி."

அந்த 'ட்டி' அவர் அறியாமல் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவளை அப்படித்தான் கூப்பிடுவார். உலகம்மாள் மறுபேச்சுப் பேசாமல் வந்து கையை வைத்தாள். சிவப்பு இழை ஒரு முறை மின்னியது.

"இவங்கதான்," என்றார் மெஹர்பானு.

பிரம்மநாயகம் சுடலைமுத்துவிடம் திரும்பினார். "இது யாரு?"

"யாருன்னா... உங்க தங்கச்சி."

"அப்போ இது வேற்றுக்கையா?"

"அண்ணாச்சி, இது நல்லாருக்கே! இத்தனை வருசமா எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நீங்கதானே..."

"நான் என்ன சொன்னேன்னு கேக்கல. இது யாருன்னு கேட்டேன்."

சுடலைமுத்து ஏணி மூலையிலிருந்து கண்ணை எடுத்தார். ஆனால் உலகம்மாள் விடவில்லை.

"ஓகோ. போர்டுக்கு ஒரு தங்கச்சி வேண்டியதாப் போச்சு," என்றாள். "நான் உங்களுக்காக வரல அண்ணே. அம்மா சட்டி கெட்டுரக் கூடாதுன்னு வந்தேன். நேத்து வரைக்கும் நான் யாரும் இல்ல. இன்னைக்கு ஏணியைப் பாத்ததும் வீட்டுக் கையா? அப்போ என் வீட்டுக்காரர் யாரு? அவரு இந்தச் சட்டியைத் தொடாததினால அவரு யாரும் இல்லையா?"

மெஹர்பானு பெட்டியை அணைக்கப்போன கையை நிறுத்தினார். திரையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து தயங்கினார்.

"இன்னும் இருக்கா?" என்றார் பிரம்மநாயகம்.

"சொல்லித்தான் ஆகணுமா ஐயா?"

"சொல்லுங்க."

"சிவப்பு இழையைச் சுத்தி ஒரு நூல் மாதிரி இன்னொண்ணு ஓடுது. சட்டியைத் தொட்ட கை இல்ல. இவங்க கையோட ஒட்டி வந்தது. ஒரே வீட்டில வாழறவங்களுக்கு அப்படித்தான், ஒருத்தர் கையில இருக்கறது மத்தவர் கைக்கு வந்துரும். இனிமே அதை மாவிலருந்து தனியாப் பிரிக்க முடியாது."

உலகம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் துடைத்ததை மறுப்பதற்கில்லை.

"மைனி, பாத்தியளா! இந்த வாசலை மிதிச்சதே இல்ல அவரு. கை மட்டும் தினமும் வந்துட்டுப் போயிருக்கு."

தங்கையைச் சேர்த்துக்கொள்வது பிரம்மநாயகத்துக்குக் கஷ்டமாக இல்லை. அவள் பிறந்ததே இந்த வீட்டில்தான். ஞானராஜ் விஷயம் அப்படியல்ல. இரண்டில் எது குறைந்த அவமானம் என்று அவர் அப்போது எடைபோட்டார் என்று சொல்பவர்கள் அவரை அறியாதவர்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேசைமேல் இருந்த கல்சட்டியை. அதற்குள் அவருடைய அம்மாவின் கையும் அந்த மனிதரின் கையும் ஒன்றோடொன்று கலந்து, ஒரு நாள்கூடச் சண்டையில்லாமல், ஊருக்கே இட்லி போட்டுக்கொண்டிருந்தன. இட்லி கெட்டுப்போனதாக ஒரு புகாரும் வந்ததில்லை.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நான் போய்க் கூட்டிட்டு வாரேன்பா," என்றான் கைலாசம்.

"மாப்பிள்ளையை ஆள் விட்டுக் கூப்பிடுற வழக்கம் இந்த வீட்டில இல்ல. முதல் அழைப்புக்கு வீட்டுக்குப் பெரியவன் போகணும்."

கொல்லைக் கதவு வழியாகப் போயிருந்தால் பத்தடி தூரம். அவர் அப்படிப் போகவில்லை. முன்கதவின் தாழை நீக்கி, கடைத்தெருவில் இறங்கி, மின்பேருந்து நிற்கும் இடத்தைத் தாண்டி, எல்லோரும் பார்க்கச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனார்.

ஞானராஜ் ஒரு ஸ்கூட்டரின் அடியில் படுத்திருந்தார்.

"மாப்பிளே," என்றார் பிரம்மநாயகம்.

ஞானராஜ் வெளியே வந்து, அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று முதலில் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுக்கு வரணும்."

"என்ன விசேசம், அத்தான்?"

"ஒரு கண்ணாடியில கை வைக்கணும். பிறகு டிபன் சாப்பிடணும்."

"கை பூராவும் கிரீஸு. தேச்சுக் கழுவிட்டு வாரேன்."

"ரொம்பத் தேய்க்காதீங்க. மெஷினுக்கு வேணுமாம்."

ஞானராஜ் தம் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எவ்வளவு கழுவினாலும் உங்க வீட்டுக்குப் பத்தாதுன்னுல்லா இத்தனை வருசமா நினைச்சிருந்தேன்."

திரும்பி வரும்போது பிரம்மநாயகம் அவரை முன்னே நடக்கவிட்டுத் தாம் ஓரடி பின்னால் வந்தார். கடைத்தெருக்காரர்கள் அதைக் கவனித்தார்கள். கவனிக்கட்டும் என்றுதான் அந்த வழியாக வந்தார்.

முன்வாசல் வழியாக, அந்த நீல போர்டின் கீழ் குனிந்து, ஞானராஜ் உள்ளே வந்தார். கண்ணாடியில் கை வைத்தார். மெல்லிய நூல் மின்னியது. அதற்குள் சண்முகவடிவு இலை போட்டுவிட்டாள். முதல் இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்ட ஞானராஜ் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"என்ன மாப்பிளே, சரியில்லையா?"

"இல்ல அத்தான். இந்த மெஸ் இட்லின்னா ஊரே கொண்டாடுது. என்னமோ பெருசா இருக்கும்னு நினைச்சேன். தினமும் வீட்டில திங்கற மாதிரியே இருக்கு."

சுடலைமுத்துவுக்குப் புரையேறிவிட்டது. உலகம்மாளே அவர் தலையில் தட்டினாள்.

டிபன் முடிந்ததும் மெஹர்பானு பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினார். சங்கக் கூட்டத்தில் அவர் சொன்னது எப்படியோ வெளியே பரவியிருந்தது. கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் அழைத்திருந்தாராம், தம் சமையல்கட்டில் யார் யார் கை படுகிறது என்று பார்க்க. ஒரு கோயில் மடப்பள்ளியிலிருந்து இன்னொருவர். மகன் கூட்டிவந்த பெண்ணின் கை தண்ணீர்க் குடத்தில் பட்டதா என்று தெரிந்துகொள்ள ஓர் அம்மாள்.

"ஹாஸ்டல் பிள்ளைங்களுக்காகச் செஞ்சது ஐயா. இந்த ஊர்களில இதை வச்சு என்ன கேப்பாங்கன்னு நான் யோசிச்சிருக்கணும். எங்க நன்னி, அம்மாவைப் பெத்தவங்க, கடையநல்லூர்ல ஒரு வீட்டில தண்ணி கேட்டப்போ தம்ளரைத் தொடாம ஊத்தினாங்களாம். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." துணியின் முடிச்சை இறுக்கினார். "அந்தக் கேள்வியை இன்னைக்கே அழிச்சிருவேன். இனிமே கெட்டதா நல்லதான்னு மட்டும்தான் இது சொல்லும். யார் கைன்னு கேட்டா வாயைத் திறக்காது."

"நல்ல காரியம். செய்யுங்க," என்றார் பிரம்மநாயகம். "அதுக்கு முன்னால எங்க முடிவைச் சாட்சிக்கு முன்னால ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிருங்க."

மெஹர்பானு ஒவ்வொருவராகப் பார்த்தார். கல்லாப்பெட்டி அருகே ஞானராஜ் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். உலகம்மாள் அடுக்களையில் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழு கை," என்றார் மெஹர்பானு. "வேற்றுக்கை இல்லை."

சுடலைமுத்து சங்கத் தலைவர் என்ற முறையில் அதை ஒப்புக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். கொல்லைச் சுவரின் சின்னக் கதவு அன்றே கழற்றப்பட்டு விறகாயிற்று. இப்போதெல்லாம் உலகம்மாள் முன்வாசல் வழியாகத்தான் மாவு பிசைய வருகிறாள், அதுவும் அண்ணன் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. உப்புக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று இருவரும் போடுகிற சண்டை கடைத்தெரு வரை கேட்கிறது. போர்டு அதே இடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை துடைக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வது ஞானராஜ்.

அன்று அந்த இயந்திரம் ஆவுடையம்மாள் சட்டியில் இரண்டு வேற்றுக்கைகளைக் கண்டுபிடித்துவிட்டது, பிரம்மநாயகம் டாக்டரம்மாவைக் கெஞ்சி அதை அழிக்கச் செய்துவிட்டார் என்று ஊரில் இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. சட்டியில் இருந்தவை அவருடைய தாயின் கை, மனைவியின் கை, மகன் கை, மருமகள் கை, தங்கை கை, தங்கை மாப்பிள்ளையின் கை, அவருடைய கை. வேற்றுக்கை எதுவும் இருக்கவில்லை.